காரநீரில் கிடந்த படலம்

எண்பதுகளின் நடுவில், நாடு கலங்கிக் கிடந்த நேரம், பல்கலைக்கழகத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரசாயன ஆய்வுகூடத்தில் மேற்படிப்புச் செய்துகொண்டிருந்தேன். மதுசாரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒரு கலம். அதன் நடுவில் நிற்கிற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைச் செய்வது என் வேலை. அது மதுசாரத்தை மறிக்க வேண்டும், கலத்திலுள்ள அரிக்கும் காரத்தைத் தாங்க வேண்டும். நான் செய்தவையெல்லாம் காரத்தில் கிடந்து மஞ்சளாகி நொறுங்கின. ஒன்று மட்டும் தாங்கியது. ஏன் என்று எனக்கே தெரியாது. காய்ந்தால் அதுவும் பிளந்துவிடும் என்று காரநீர்ப் போத்தலோடேயே கொண்டு புறப்பட்டேன்.

என்னைக் கூட்டிப்போக சாய்ந்தமருதிலிருந்து வாப்பா வந்திருந்தார். அம்பாறை தாண்டியதும் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் வயதுதான் இருக்கும் என்னைச் சோதித்த சிப்பாய்க்கு. போத்தலைத் தூக்கி, என்ன இது என்றான். நான் வாய் திறக்குமுன் வாப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் முந்திக்கொண்டார்.

"மருந்து மாத்தயா. மகனுக்கு வயித்து வருத்தம்."

சிப்பாய் மூடியைத் திறந்து வாப்பாவிடம் நீட்டினான். "அப்படியென்றால் நீ குடி."

வாப்பா வாங்கிவிட்டார். வாயருகே கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க வாப்பா! தொண்டை வெந்திரும்!" பாய்ந்து கையைப் பிடித்தேன். காரநீர் அவர் விரல்களில் வழிந்தது. துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. மின்சாரம், இரசாயனம், ஆராய்ச்சி என்று நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எங்களை இன்னும் சந்தேகத்துக்குள் தள்ளியது. போத்தலைப் பறித்துத் தெருவோரம் ஊற்றினான். படலம் சூடான கிறவல் மண்ணில் விழுந்தது. கடைசியில் ஒரு அதிகாரி வந்து, என் மாணவர் அட்டையைப் பார்த்து, போ என்று கையைக் காட்டினார். படலத்தைப் பொறுக்கிக்கொண்டு ஏறினேன்.

"கை வழுக்குது மகன், சவுக்காரம் பட்ட மாதிரி," என்றார் வாப்பா. தோல் கரையத் தொடங்கியிருந்தது. கொண்டக்டரிடம் ஒரு போத்தலின் அடியில் கொஞ்சத் தண்ணீர்தான் இருந்தது.

"உங்கட படலத்துக்கு ஊத்துங்க மகன், அது காயுது."

"பேசாம கையத் தாங்க வாப்பா."

தண்ணீர் முழுவதையும் அவர் கையில் ஊற்றினேன். போதவில்லை. சாய்ந்தமருது வருமுன் படலம் சுருண்டு பிளந்துவிட்டது. வாப்பாவின் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"இன்னொண்டு செய்யேலாதா?"

"ஏலும் வாப்பா."

பல்கலைக்கழகம் திரும்பத் திறந்தபின் அதே முறையில் பலவற்றைச் செய்தேன். எல்லாம் மஞ்சளாயின. லீவில் வரும்போதெல்லாம் வாப்பா, சரி வந்ததா என்று கேட்பார். இன்னும் இல்ல வாப்பா என்று சொல்லி, அவர் விரல்களைத் தொட்டுப் பார்ப்பேன்.