கடலைத் தட்டில் ஒரு கை

தட்டின் ஓரத்தில் அந்தக் கை நுழைந்ததும் துடுப்பு விழும். படார். ஸெனாபு அத்தை தலையை நிமிர்த்திப் பார்க்க மாட்டார். சட்டியில் கொதிக்கும் மணலுக்குள் கடலை வெடித்துக்கொண்டிருக்கும். அதைப் புரட்டிக்கொண்டிருந்த துடுப்புதான் ஒரு கணம் வெளியே வந்து, மணிக்கட்டில் ஒரு போடு போட்டுவிட்டு மறுபடி மணலுக்குள் போகும். அதற்குள் அந்தக் கை நிறைந்திருக்கும்.

"திருட்டு நாயே! நாய்க்கறி தின்ன வாய்க்கு என் கடலை கேக்குதாடா?"

"உன் கடலையா? அடிமைக்கு ஏதுடி சொந்தக் கடலை? எசமான் வந்து எடுத்தா எழுந்து நின்னு கும்பிடு."

இப்படிப் பேசுகிறவன் பாக்கோம் பாடோ, காவல்படைச் சிப்பாய். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் முகாமிலிருந்து தினமும் காலையில் வருவான். பேச்சு வாங்குகிற ஸெனாபு லிங்கானிக்கு அவன் அம்மாவைவிட வயது அதிகம். அந்த வேப்பமரத்தடிக்குப் புதிதாக வருகிற வாடிக்கையாளர் யாராவது இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தால், பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிற இத்ரிஸ்ஸா தலையைத் தூக்காமலே சொல்வார்: "அவன் குருன்சி. அவங்க பிஸா." அவ்வளவு போதும். முகம் சுளித்தவரும் சிரித்துவிட்டுக் கடலை வாங்கிக்கொண்டு போவார்.

பிஸா, குருன்சி என்ற இரண்டு இனங்களுக்கும் நடுவே இருப்பது கேலி முறை. யார் எப்போது ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். முறைக்காரன் உன்னை அடிமை என்று கூப்பிடலாம், என்ன வேண்டுமானாலும் திட்டலாம். உன் தட்டிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்னலாம். உன் வீட்டுச் சாவில் பாடையை மறித்துக்கொண்டு கூத்தடிக்கலாம். நீயும் பதிலுக்குத் திட்டலாம், திட்டியே ஆக வேண்டும். கோபப்படக் கூடாது. முறைக்காரனின் ரத்தம் உன் கையால் சிந்தக் கூடாது. பிஸாக்காரன் கடலையைக் கண்டால் அம்மாவின் பிணத்தைக்கூடப் பாதி வழியில் இறக்கி வைத்துவிடுவான் என்று பாடோ தினமும் சொல்வான். குருன்சிக்காரன் கல்யாணம் பேசப் போனால் பெண்ணைப் பார்க்கும் முன் அந்த வீட்டு நாயைத்தான் தடவிப் பார்ப்பான் என்று அத்தை திருப்பிக் கொடுப்பார்.

இதில் துடுப்பு ஒரு தனி விஷயம். களி கிண்டுகிற துடுப்பை ஒரு பெண் ஓர் ஆணைப் பார்த்து ஓங்கினால் அந்த ஊரில் அது விளையாட்டல்ல. ஓங்கப்பட்டவனுக்கு அதன்பிறகு வெளியே தலைகாட்ட முடியாது. கணவன்மார்கள் அடியைத் தாங்குவார்கள், வசவைத் தாங்குவார்கள், துடுப்பைத் தாங்க மாட்டார்கள். அந்த அடியை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டக்கூடிய ஒரே ஆண் முறைக்காரன்தான்.

அத்தையிடம் வேறு சில வினோதங்களும் உண்டு. கடலை பதமாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்க மாட்டார். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து நசுக்கிக் கேட்பார். பழைய தக்காளி டப்பாவால்தான் அளப்பார். அளந்தபின் ஒரு பிடி மேலே போடாமல் யாரையும் அனுப்பியதில்லை. பிஸாவாகப் பிறந்தும் அவர் கடலை தின்பதில்லை. கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. இந்த ரகசியம் பாடோவுக்குத் தெரிந்தால் ஊரையே கூட்டிவிடுவான் என்று, அவன் வருகிற நேரத்தில் மட்டும் வெறும் வாயை மென்றுகொண்டிருப்பார். மரக்கிளையில் ஒரு வானொலிப் பெட்டி தொங்கும். இருபத்தேழு ஆண்டுகளாக நாட்டை ஆளுகிற தலைவரின் குரல் அதில் வந்தால் அணைக்க மாட்டார். பெட்டியை மட்டும் மரத்தைப் பார்க்கத் திருப்பி வைப்பார்.

"ஏன் அத்தை, அணைச்சிடலாமே?" என்று இத்ரிஸ்ஸா கேட்பார்.

"அணைச்சா அவருக்கு எப்படித் தெரியும், நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்னு?"

அந்த அக்டோபரில் பெட்டி பெரும்பாலும் மரத்தைப் பார்த்தே தொங்கியது. தலைவர் மறுபடி தேர்தலில் நிற்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே சட்டத்தையே மாற்ற வியாழக்கிழமை நாடாளுமன்றம் கூடப்போகிறது என்றார்கள். திங்கட்கிழமை பெண்கள் துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். புதுத் துடுப்பு, பழைய துடுப்பு, களி காய்ந்து ஒட்டிய துடுப்பு. ஸெனாபு அத்தையும் போனார். அவருடையதில் மணல் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை பாடோ வந்தான். அடி வாங்கினான். கடலையை வாயில் போட்டுக்கொண்டான்.

"என் கைக்குன்னு வெச்சிருந்த துடுப்ப ஊருக்கெல்லாம் காட்டிட்டு வந்தியாமே?"

"உன் கை ஒண்ணுக்கு அது பெருசுடா. உன் பெரிய எசமானுக்கும் கொஞ்சம் பங்கு வெச்சேன். ஒரே ஆள் வாலப் புடிச்சிக்கிட்டு இத்தனை வருஷமா நடக்குறீங்களே, உங்களுக்கும் வால் மொளைச்சிருக்கும், திரும்பு பாக்கலாம்."

இத்ரிஸ்ஸா சிரித்தார். பாடோவும் சிரித்தான். பிறகு சட்டென்று குனிந்து, "வியாழக்கிழமை வெளிய வராதீங்க" என்றான்.

அத்தையின் துடுப்பு மணலில் நின்றது. 'வராதே' இல்லை, 'வராதீங்க'. இத்தனை நாளில் அவன் வாயிலிருந்து மரியாதையாக ஒரு சொல் வந்து அவர் கேட்டதே இல்லை.

"அடிமைக்கு அன்னைக்கு லீவுடா. எங்க வேணா போவேன்," என்று சமாளித்தார். ஆனால் அவன் போன பிறகு ஒரு சட்டி கடலை கருகிப்போனது.

வியாழக்கிழமை காலை நாடாளுமன்றத்துக்குப் போகிற சாலை முழுக்கத் தலைகள். டயர் எரிகிற நாற்றம். முன்னால் காவல்படை வரிசை, தோளோடு தோள், தலைக்கவசமும் கண்ணாடி மறைப்பும் போட்டு. கூட்டத்தின் பின்னால் இருந்த பையன்கள் கையில் கல். வரிசைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு வெற்றிடம். இரண்டு பக்கத்திலும் பயம் ஒரே அளவில்தான் இருந்திருக்கும். அதை யார் முதலில் காட்டுவது என்பதுதான் கேள்வி.

அத்தை வரிசையைத் துழாவிக்கொண்டிருந்தார். பாடோவுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் மனதில் ஓடிய கணக்கு எளிமையானது. நான் திட்டினால் அவன் திட்டியாக வேண்டும். அதுதான் முறை. திட்டுகிறவன் சுட மாட்டான். அவன் ஒருவன் வாயைத் திறந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கும் சிரிப்பு வரும். ஆனால் அவன் திட்டாமல் நின்றுவிட்டால்? வேப்பமரத்தடியில் தினமும் நடந்தது வெறும் கடலை தின்கிற வேலைதானா? இதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் நிற்க முடியவில்லை.

இடது தோள் இறங்கிய ஓர் உருவம் நடுவில் தெரிந்தது. ஸெனாபு அத்தை தனியாக வெற்றிடத்துக்குள் நடந்தார். நேரே அந்த உருவத்தின் முன் போய் நின்று துடுப்பை ஓங்கினார்.

"டேய் நாய்த்தின்னி! சட்டியக் கவுத்துத் தலையில மாட்டிக்கிட்டா எனக்கு அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியா? வாடா வெளிய! உங்க ஊர் நாயெல்லாம் நிம்மதியாத் தூங்குது, நீ இங்க வந்து நிக்கிறதால!"

பதில் வரவில்லை. அவன் கண்ணாடி மறைப்பைத் தூக்கினான். உள்ளே இருந்த முகத்தை அத்தை இதற்குமுன் பார்த்ததே இல்லை. பிற்பாடு பெயர் தெரிந்தது, தப்ஸோபா. மோஸி இனத்துக்காரன். பிஸாப் பெண்ணோடு எந்த முறையும் இல்லாதவன். அத்தனை பேர் பார்க்க, முன்பின் தெரியாத ஒரு பெண் அவன்மேல் துடுப்பை ஓங்கியிருக்கிறாள். அவன் உதடு வெளுத்தது. கையிலிருந்த தடி மெல்ல மேலே போனது. பையன்களின் கைகள் பின்னால் போயின, கல்லோடு.

அத்தையால் துடுப்பைக் கீழே இறக்கவும் முடியவில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை.

"அடியே கடலைக்காரி!"

வரிசையின் கடைசியிலிருந்து வந்தது குரல்.

"அது நானில்லடி! கடலையத் தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாதா உனக்கு? உன் எசமான் இங்க நிக்கிறேன்! தப்ஸோபா, விட்டுடுப்பா, அந்தத் துடுப்பு எனக்கு வந்தது, விலாசம் மாறிப்போச்சு!"

பிறகு கூட்டத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது பின்னால் பரவியது. விஷயம் புரியாதவர்களுக்கு, "அவன் குருன்சிப்பா, அவங்க பிஸா" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். சொல்லச் சொல்லச் சிரிப்பு பெரிதானது. காவல்படை வரிசையில் தலைக்கவசங்கள் குலுங்கின. தப்ஸோபாவின் தடி தானாக இறங்கியது. அவன் சிரிக்கவில்லை. ஆனால் மறைப்பை மறுபடி போட்டுக்கொண்டான்.

அதிகாரி ஒருவர் ஓடிவந்து பாடோவின் கழுத்துப் பட்டையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்துப்போய் லாரியில் ஏற்றினார். ஏறும்போது பாடோ திரும்பிப் பார்த்தானா என்று அத்தைக்குத் தெரியாது. அதற்குள் பக்கத் தெருக்களிலிருந்து கூட்டம் புகுந்துவிட்டது. கண்ணீர்ப் புகை வந்தது. அத்தையின் செருப்பு ஒன்று தொலைந்தது. நடுப்பகலுக்குள் நாடாளுமன்றத்தின் மேல் கரும்புகை நின்றது. மறுநாள் தலைவர் நாட்டைவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் ஊரே விளக்குமாறு எடுத்துத் தெருக்களைக் கூட்டியது. ஸெனாபு அத்தை வேப்பமரத்தடியைக் கூட்டிவிட்டு, சட்டியை வைத்து, மணலைக் கொட்டினார். பாடோ வரவில்லை.

வாரங்கள் போயின. வேறொரு செய்தி மரத்தடிக்கு வந்தது. அந்த வியாழக்கிழமை பிற்பகல், தலைவரின் உறவினர் ஒருவர் வீட்டுவாசலில் துப்பாக்கி வெடித்திருக்கிறது. பையன்கள் செத்திருக்கிறார்கள்.

"காலையில நீங்க வம்பிழுத்த அதே படைதானாம் அத்தை," என்றார் இத்ரிஸ்ஸா. "உங்க முறைக்காரனும் அங்க இருந்திருப்பானோ?"

"அவனா? நாயத் துரத்தவே நாலு பேரக் கூப்பிடுறவன். அவன் எங்கடா சுடுறது?"

சொல்லிவிட்டார். ஆனால் மனம் ஆறவில்லை. முறைக்காரனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவன் பிறப்பைக் கேட்கலாம், சாவைக் கேட்கலாம். இந்த ஒன்றை மட்டும் எந்தக் கேலியில் சுற்றிக் கேட்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அடுத்து வந்த வாடிக்கையாளருக்கு மேலே ஒரு பிடி போட மறந்துபோனார்.

புழுதிக்காற்று தொடங்கிய ஒரு குளிர்காலைப் பொழுதில் மரத்தடியில் ஒருவர் வந்து நின்றார். சாயம் போன சட்டை, சீருடை இல்லை. தட்டின் ஓரத்துக்கு வராமல், வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்தில் நின்றார். குரலைக் கேட்டபிறகுதான் அது பாடோ என்று தெரிந்தது.

"வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா? கொஞ்சம் கடலை குடுங்க."

இத்ரிஸ்ஸா டயரைக் கீழே வைத்துவிட்டார். அத்தை மணலைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"சீருடை எங்க?"

"புடுங்கிட்டாங்கம்மா. வரிசையில நின்னுக்கிட்டு வாயத் தொறந்ததுக்கு. முதல்ல உள்ள வெச்சிருந்தாங்க, அப்புறம் வீட்டுக்குப் போன்னுட்டாங்க." அவன் இறங்கிய தோளைத் தடவிக்கொண்டான். "அன்னைக்குப் பூரா என்னைய லாரியிலேயே பூட்டி வெச்சிருந்தாங்க. மத்தவங்கள மதியம் அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தப்ஸோபாவும் போனான். நான் போகல."

அத்தை அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"நீங்க ஆள மாத்தித் திட்டலன்னா நானும் போயிருப்பேம்மா. போயிருந்தா சுட்டிருப்பேனா, மாட்டேனா? தினமும் யோசிக்கிறேன். சுட்டிருக்க மாட்டேன்னு சொல்லத்தான் ஆசை. தெரியல. அதான் இந்தப் பக்கம் வரல. உங்க தட்டுல கைய வைக்க எனக்கு என்ன இருக்கு?"

சட்டியில் கடலை வெடித்துக்கொண்டிருந்தது. ஸெனாபு அத்தை ஒன்றை எடுத்துக் காதருகே நசுக்கிக் கேட்டார். பதம்தான். ஆனாலும் இறக்கவில்லை.

பாடோ சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தான். எல்லா வாடிக்கையாளர்களையும் போலவே அதைத் தட்டின் ஓரத்தில் வைக்கக் கையை நீட்டினான்.

படார்.

நாணயம் துள்ளிப் புழுதியில் விழுந்தது. ஸெனாபு அத்தை தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. துடுப்பை மணலுக்குள் விட்டுப் புரட்டியபடியே, வெறும் வாயை மென்றுகொண்டு, முழங்கையால் தட்டை அவன் பக்கம் தள்ளினார்.