அழிக்காமல் விட்ட ஒரு சொல்

ஸ்ரீபெரும்புதூரில் மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடை என்னுடையது. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, வண்டி காணவில்லை என்று எல்லாவற்றுக்கும் கணினியில் ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. பெயரையும் ஊரையும் மாற்றினால் மனு தயார். பெண்கள் கொடுக்கும் புகாருக்கும் ஒன்று உண்டு. பத்திரிகைகள் 'கற்பழிப்பு' என்று எழுதுவதை விட்டபிறகு நானும் அதைப் படிவத்திலிருந்து அழித்தேன், பெரிய சீர்திருத்தக்காரி போல. 'மானபங்கம்' மட்டும் அப்படியே கிடந்தது. சட்டத்தின் பெயர் மாறி, பிரிவுகளின் எண்களெல்லாம் மாறியபோதும் அந்தச் சொல்லை யாரும் மாற்றவில்லை. எனக்கு மட்டும் என்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் யூனிஃபார்மோடு ஒரு பெண் வந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறை, ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஸ்டோர் ரூமில் சூப்பர்வைசர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்திருக்கிறான். அங்கேயே அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு வந்திருந்தாள். அழவில்லை. நான் கொடுத்த பிரிண்டைப் படித்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அக்கா, என்னை மானபங்கப்படுத்தினார்னு போட்டிருக்கியளே. கைய வச்சது அவன். எம் மானம் எதுக்குப் போவணும்?"

"சட்டத்துல அதாம்மா வார்த்தை. எல்லாருக்கும் இதான் போட்டுகினு கீறேன். மாத்துனா ஸ்டேஷன்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

பொய். அப்படி எந்த மனுவும் திரும்பி வந்ததில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும், பிரிவு போடுவது போலீஸ் வேலை. எனக்குச் சோம்பல், வெளியே வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவள் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

நாலாம் நாள் அப்பாவோடு வந்தாள். தைரியமாகப் புகார் கொடுத்துவிட்டேன் என்று காட்டுவதற்காக அவளேதான் மனுவைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறாள்.

"அவன் தொட்டான்னு எழுதியிருந்தா நானே வந்து நாலு சாத்து சாத்தியிருப்பேன். மானம் போச்சுன்னு இவளே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு நிக்கா," என்றார். "வாபஸ்னு எழுதுங்கம்மா. நான் இவள ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அந்தச் சொல் அவள் சொன்னதில்லை, நான் போட்டது என்றேன்.

"நீங்க போட்டுட்டுப் போயிட்டீங்க. ஊருல வாசிக்கது எங்க ஆளுவல்லா?"

வாபஸுக்கும் படிவம் வைத்திருக்கிறேன். 'மானபங்கப்படுத்தியதாக நான் கொடுத்த புகாரை' என்று தொடங்கும். அதைப் பார்த்ததும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்தச் சொல்லை அழித்து, 'கட்டிப்பிடித்ததாக' என்று அடித்துக் கொடுத்தேன்.

அவள் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். அதே இடத்தில் விரலை வைத்தாள்.

"மாத்திட்டியளே அக்கா. ஸ்டேஷன்ல திருப்பி அனுப்ப மாட்டாங்களா?"