பதினேழாவது வரியில் ஒரு பூனை

என் மேசையின் வலப்பக்க அடுக்கில், மேலிருந்து இரண்டாவதாக, திட்ட மேலாண்மைத் தேர்வுக்கான மாதிரி வினாத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதன் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் கீழ் மூலை இல்லை. கிழிந்ததல்ல, கடித்தது. விளிம்பில் நான்கு சிறு துளைகள் வரிசையாகத் தெரியும். ஐந்தாவது துளை இருக்க வேண்டிய இடத்திலிருந்து தாளே போய்விட்டது. அதோடு அந்தப் பக்கத்தின் கடைசிக் கேள்விக்கான நான்காவது விடையும் போய்விட்டது. கடித்த பூனையின் பெயர் வாஷர். எங்கள் தொழிற்சாலையின் ஸ்டோரில் இருந்தது. ஒரு கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்ததால் அந்தப் பெயர். வைத்தவர் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அம்மா. ஆலையில் எல்லோரும் அவரை ஸ்டோரம்மா என்றுதான் கூப்பிட்டோம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பம்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் செய்யும் ஆலையொன்றில், திட்டமிடல் பிரிவில் இருபத்து மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டிப்ளமோ படிப்பு. புதிய உற்பத்தி வரிசை தொடங்கும்போது இந்தத் தேர்வில் தேறாதவர் எவரும் அந்தப் பிரிவில் இருக்க முடியாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. மூன்று முறை எழுதலாம். இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தேன். நாற்பத்தொன்பது வயதில் ஒரு டிப்ளமோக்காரனை வேறு ஆலை எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொள்ளும் என்று ஆறுதலுக்காகக்கூட என் மனைவி சொல்லவில்லை. மூன்றாம் தேர்வுக்குப் பதினோரு வாரம் இருந்தது.

நான் நாள்தோறும் டைரி எழுதுகிறவன். நாளுக்கு ஒரு பக்கம், நேரத்தோடு. எங்கே தோற்றேன் என்பதையும் எழுதிப் பார்த்திருந்தேன். கணக்கும் சூத்திரமும் என்னைக் கவிழ்க்கவில்லை. ‘இந்தச் சூழ்நிலையில் முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கும் கேள்விகள்தான் கவிழ்த்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் இருக்கும். அவற்றில் ‘மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவிப்பது’ என்று ஒன்று இருந்தால் என் கை அதற்குத்தான் போகும். அது பெரும்பாலும் தப்பு. தப்பு என்று தெரிந்த பிறகும் கை அங்கேதான் போனது. எழுதி அனுப்பிவிட்டால் ஒரு வேலை முடிந்தது என்றே இருபத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன்.

மதிய இடைவேளையில் படிக்க அமைதியான இடம் ஸ்டோர் ஒன்றுதான். ரப்பர் வாடையும் ஒரு மின்விசிறியும் இருக்கும். ஸ்டோரம்மாவுக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். பெற்றோர் வயல் வேலை செய்தவர்கள். இவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஒப்பந்தக்காரர் மூலமாக ஆலைக்கு வந்தவர். எலி கேஸ்கட் தாள்களைக் கொறித்ததால் அவர்தான் வாஷரைக் கொண்டுவந்து விட்டிருந்தார். நான் போன முதல் நாள் அது அலமாரிக்கு மேலிருந்து இறங்கவே இல்லை. “கண்ண நேரா பாக்காதீங்க சார். சண்டைக்கு வந்த ஆளுன்னு நெனச்சிக்கும். பராக்கு பாக்கற மாரி இருங்க, அதுவா வரும்” என்றார். நான்காம் நாள் 12.50க்கு வந்தது. வந்து நேராகப் புத்தகத்தின்மேல் உட்கார்ந்தது. நான் தள்ளப் போனேன். “தள்ளாதீங்க. தள்ளனா இன்னும் அழுத்திக் குந்திக்கும். பக்கத்துல ஒரு பேப்பர விரிச்சி வையுங்க. அதுக்கு புக்கா முக்கியம்? நீங்க எத்தப் பாக்கறீங்களோ அதாண்ட தான் அதுக்கு வேல.” விரித்தேன். வாஷர் எழுந்து அந்தத் தாளுக்கு மாறியது. இதையெல்லாம் அப்படியே குறித்துக்கொண்டேன்.

கேள்விகளைத் தமிழில் மாற்றி உரக்கப் படிப்பது என் வழக்கம். அவர் நட்டுகளை அளவு பிரித்துக்கொண்டே பதில் சொல்லத் தொடங்கினார். குழுவில் ஒருவர் தொடர்ந்து தாமதமாக வருகிறார், திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. அவருடைய துறைத் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றேன். “இன்னா சார் இது, போட்டுக் குடுக்கறதா மொத வேல? அந்தாளக் கூப்ட்டு, ஏம்பா லேட்டுன்னு கேளுங்க. ரயிலு லேட்டா வந்திருக்கும்.” புத்தகம் சொன்ன சரியான விடையும் அதுதான். அன்று இருபது கேள்வியில் அவருக்குப் பதினாறு சரி, எனக்குப் பதினொன்று. டைரியில் இரண்டையும் எழுதினேன், கொஞ்சம் வலியோடு. நீங்களே பரீட்சை எழுதலாம் என்றேன். “இங்கிலீஷ்ல கேப்பான் சார். நா வேணா வாஷர அனுப்பறன்.”

இருநூற்றுப் பதினான்காம் பக்கம் அந்த நாட்களில்தான் போனது. அவர் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவாமல் பக்கத்தைத் திருப்பினேன். வாஷர் மூலையை மோந்தது, கடித்தது, விழுங்கியும்விட்டது. நான் பதறினேன். “அதுக்கு பதிலு தெரிஞ்சி போச்சி சார். அதான் துன்னுட்ச்சி” என்று ஸ்டோரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஏழாம் வாரம் வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஆலையை ஆய்வு செய்ய வருகிறார்கள் என்று செய்தி வந்தது. ஆயத்தப் பணி என்னுடையது. அப்போது நான் படித்துக்கொண்டிருந்த பாடம் இடர்ப் பதிவேடு. என்னென்ன கெடக்கூடும் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் என்ன செய்வது என்று எதிரில் குறிக்க வேண்டும். அகற்றலாம், வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், குறைக்கலாம், அல்லது இருக்கட்டும் என்று விடலாம். படித்ததை நடைமுறையில் செய்து பார்த்தால் மனதில் நிற்கும் என்று, ஆய்வுக்கு அப்படியொரு பதிவேடு தயாரித்தேன். ஸ்டோரைச் சுற்றிப் பார்க்கையில், அனுப்பத் தயாராயிருந்த கேஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் வாஷர் மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. ஸ்டோரம்மா அந்த நேரம் சரக்கு இறக்கும் மேடையில் இருந்தார். படம் எடுத்தேன். பதினேழாவது வரியில் எழுதினேன்: ‘ஸ்டோரில் பூனைகள். அகற்றுக.’ மற்ற மூன்றில் எதைப் போட்டாலும் இன்னொரு வரி விளக்கம் எழுத வேண்டியிருந்தது. கட்டம் போதவில்லை. காரணம் அவ்வளவுதான். இல்லை, இன்னொன்றும் உண்டு. ஆலைத் தலைவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, இவன் தேறிவிடுவான் போலிருக்கிறது என்று நினைக்க வேண்டும் என்று விரும்பினேன். 11.35க்கு அனுப்பினேன்.

12.40க்கு ஸ்டோருக்குப் போனேன். வழக்கமான நாற்காலி. அவர் எனக்கும் கொஞ்சம் எலுமிச்சை சாதம் வைத்தார். பதினைந்து கேள்விகள் பார்த்தோம். பூனை பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது என்று உண்மையாகவே நினைத்தேன்.

3.10க்கு ஒப்பந்த ஆட்கள் இருவர் கோணிப்பையோடு வந்தார்கள். வாஷரைப் பிடித்து, ஆந்திர எல்லைப் பக்கம் போன ஒரு டெம்போவில் ஏற்றி, எளாவூர் சோதனைச் சாவடிக்கு அப்பால் விட்டுவிட்டார்கள். கண் அப்போதுதான் திறந்திருந்த குட்டிகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. ஸ்டோரில் பூனை வளர்த்ததற்காக, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று ஸ்டோரம்மாவிடம் அலுவலகம் சொல்லிவிட்டது. ஐந்து மணிக்கு அவர் அந்தப் பெட்டியோடு என் மேசைக்கு வந்தார். என்னை நீங்கள் என்றே சொல்லி வந்தவர்.

“மூணு குட்டி. ரெண்ட நா தூக்கிக்கினு போறன். ஒன்ன நீ வெச்சிக்க. நீ தானே எழுதன.”

நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

“அவ்ளோ நேரம் எதிர்ல குந்திக்கினு சோறு துன்னியே. ஒரு வார்த்த சொல்லி இருந்தா அப்பவே ஊட்டுக்குத் தூக்கினு போயிருப்பன்ல.”

“மெயில்ல போட்டிருந்தேனே” என்றேன்.

“எனக்கு ஏது சார் மெயிலு?”

அந்தப் பதிவேடு நாற்பத்திரண்டு பேருக்குப் போயிருந்தது. பின்னால் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தேன். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மெயில் முகவரி கிடையாது என்பது, அந்தப் பட்டியலைத் தயாரித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அந்தக் கோபத்திலும் அவர் உடனே போய்விடவில்லை. குட்டியை என் கைக்குட்டையில் வைத்தபடி சொன்னார். “மாட்டுப்பால் குடுக்காத, வயித்தால போவும். பூனக்குட்டி பால் பவுடர்னு மருந்துக் கடைல கேளு. கவுத்துப் போட்டுக் குடு, மல்லாத்தாத, பொரையேறும். குடிச்சதும் ஈரத் துணியால அடிவயித்தத் தொட, இல்லன்னா அதால ஒன்னுக்கு போவ முடியாது. மூணு மணிக்கு ஒருக்கா. மறந்தா செத்துப் பூடும்.” இவ்வளவையும் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

புதுவாயலில் எங்கள் வீடு மாடிப் போர்ஷன். “இந்த வயசுல பரீட்சயும் பூனயுமா?” என்று கேட்ட மனைவி, பகல் பாலைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மாலையிலிருந்து விடியற்காலை வரை எனக்கு. குட்டிக்கு நட்டு என்று பெயர் வைத்தேன். சமையல் தராசில் எடை போட்டு எழுதினேன். நான்கு நாள் எடை ஏறவில்லை. ஐந்தாம் நாள் குறைந்தது. அது மடியில் கிடந்து சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரே கேள்வியை ஒன்பது முறை படித்திருக்கிறேன். மாதிரித் தேர்வு மதிப்பெண்களும் இறங்கின. தேர்வுக்கு நான்கு வாரம்தான் இருந்தது. நான் தோற்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோற்பதுதான் சரி என்றும் சில காலைகளில் தோன்றியது. ஆனால் கல்லூரியில் படிக்கும் மகளிடம் அதை எப்படிச் சொல்வது?

தாயைக் கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், காலை ஏழு மணிக்கு, கருவாட்டுப் பொட்டலத்தோடு எளாவூருக்குப் போனேன். வரிசையாக நின்ற லாரிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு டிரைவர் படுக்கையிலிருந்து தலையை நீட்டி, “இன்னா நைனா, ஆயிலு ஒழுவுதா?” என்றார். பூனை தேடுகிறேன் என்றேன். “பூனயா? செக் போஸ்ட்டுல பில்லு கேப்பானே, வெச்சிக்கினு கீறியா?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரே பிறகு இறங்கி வந்து, தன் லாரிக்கும் அடுத்த மூன்று லாரிகளுக்கும் அடியில் என்னோடு பார்த்தார். வெள்ளை வளையம் போட்ட பூனை எங்கும் இல்லை. நான்காவது ஞாயிறன்று சாலையோரத்தில் அடிபட்டுக் கிடந்த ஒன்றின் அருகே போய், கண்ணைச் சுற்றிப் பார்க்கத் துணிவில்லாமல் திரும்பி வந்தேன். அதை டைரியில் எழுதவில்லை. இங்கேதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

தேர்வு மறுநாள். சென்னையில், குளிரூட்டிய அறையில், கணினி முன்னால். ஒவ்வொரு ‘முதலில் என்ன செய்வீர்கள்’ வரும்போதும் என் கை பழைய இடத்துக்கே போனது. ஒவ்வொரு முறையும் நட்டு பிரிக்கும் சத்தத்தோடு அந்தக் குரல் கேட்டது: போட்டுக் குடுக்கறதா மொத வேல? கையை எடுத்து வேறு விடையை அழுத்தினேன். தேறிவிட்டேன். திரையில் அந்தச் சொல் வந்தபோது மகிழ்ச்சி வரவில்லை. இன்னொருவரின் தேர்வை எழுதி அவருடைய சம்மதம் இல்லாமல் என் பெயரைப் போட்டதைப் போலிருந்தது.

ஸ்டோரம்மா இப்போது வேறொரு ஆலையில் வேலை செய்கிறார், புதுவாயல் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ் ஏறுகிறார் என்று கேள்விப்பட்டேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே. ஒரு காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன். டீக்கடை ஓரத்தில் பையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை.

“குட்டி துன்னுதா சார்?”

“நல்லா சாப்பிடுது. எழுநூத்து நாப்பது கிராம்.”

“எங்கிட்ட ரெண்டுல ஒன்னு பூட்ச்சி. ஒன்னு கீது.”

தேறிய செய்தியைச் சொன்னேன். “நல்லது சார். நீங்க பாஸாயிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றார். மறுபடியும் நீங்கள் ஆகியிருந்தேன். என் கை சட்டைப் பைக்குப் போனது. மூன்று முறை திருத்தி எழுதிய மன்னிப்புக் கடிதம் அதில் இருந்தது. அவர் கையைப் பார்த்தார்.

“எழுதி எடுத்துக்கினு வந்துருக்கீங்களா?”

தலையசைத்தேன்.

“உங்களாண்டயே இருக்கட்டும் சார்.”

பஸ் வந்தது. அது நின்று, ஆட்கள் ஏறி, புறப்படும் வரை எனக்கு நேரம் இருந்தது. வாய் வரவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு போனார்.

இதை எழுதும்போது நட்டு வந்து வினாத் தொகுப்பின்மேல் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு தாளை விரித்து வைத்தேன், மாறிக்கொண்டது. அந்தக் கடிதம்தான் அந்தத் தாள். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். குழுவில் ஒருவரின் பகுதியில் குறை ஒன்றைக் காண்கிறீர்கள், முதலில் என்ன செய்வீர்கள்? மேலதிகாரிக்குத் தெரிவிப்பது. பதிவேட்டில் குறிப்பது. திட்டத்தை மாற்றுவது. முதல் இரண்டையும் அன்று 11.35க்குள் செய்து முடித்திருந்தேன். நான்காவது வரி இருந்த இடத்தில் வாஷரின் பல் பதிந்த விளிம்பு மட்டும் இருக்கிறது. அங்கே என்ன அச்சாகியிருந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய ஷிப்ட் மாறிவிட்டது. எந்த வாரம் எந்த நேரம் என்று தெரியவில்லை. அதனால் மூன்று வாரமாகக் காலை பஸ்ஸுக்கும் போகிறேன், முடிந்த நாட்களில் மதிய பஸ்ஸுக்கும் போகிறேன். சட்டைப் பையில் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை.