வானத்திலிருந்து இறங்கிய சுந்தரம்

மைக்குக்காரர்கள் விஷயத்தில் மலையம்மாள் யாருக்கும் தயவு காட்டமாட்டாள். பிள்ளையார்பட்டியில் கோயிலுக்குப் போகிற வழியில் அருகம்புல் மாலை கட்டி விற்கிறவள் அவள். கடைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. காணாமல் போன பிள்ளையின் பேரை விட்டுவிட்டுச் சட்டை நிறத்தை மட்டும் சொல்கிறவன், அன்னதானம் போடுகிற ஆளின் பட்டத்தையெல்லாம் படித்துவிட்டுப் பந்தி எங்கே என்று சொல்ல மறக்கிறவன், மைக்கிலேயே தொண்டையைக் காறுகிறவன் என்று எல்லோரும் அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் காதில் அது விழுந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவள் மைக்கில் ஒரு பேரைக் கேட்பதற்கென்றே அந்த ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தினாள். காரைக்குடிக்கு வெளியே பொட்டலில் விமானச் சாகச விழா. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிற விமானப்படைக் குழுவில் அவள் மகள் தீபலட்சுமியும் ஒருத்தி. "அம்மா, ஒவ்வொருத்தரா இறங்கும்போது மைக்குல பேரு சொல்லுவாங்க. என் பேரு வரும், கேளு" என்று போனில் சொல்லியிருந்தாள். அந்தப் பேரை வைத்தவள் மலையம்மாள்தான். பெயர் வைக்கிற சடங்கன்றைக்குக் குழந்தையின் காதில் அதைச் சொன்னவளும் அவளேதான். சொல்ல வேண்டிய தகப்பன் அதற்கு முன்பே வீட்டை விட்டுப் போயிருந்தான்.

போனவன் கண்காணாத ஊருக்குப் போயிருந்தாலாவது மறந்து தொலைத்திருக்கலாம். சுந்தரம் போனது காரைக்குடிக்கு, பஸ்ஸில் அரைமணி நேரம். அங்கே இன்னொரு குடும்பம், பிளைவுட் கடை, கடை வாசலில் அவன் சிரிக்கிற படம் போட்ட போர்டு. மகளுக்குக் காய்ச்சல் கண்டபோதும் அவன் வரவில்லை, வயதுக்கு வந்தபோதும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பேர் இல்லாமல் முடியாது என்றார்கள். எழுத்து ஒன்றுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று மலையம்மாள் விட்டுவிட்டாள். எஸ். தீபலட்சுமி. பிள்ளைக்கு அவன் கொடுத்தது அந்த ஓர் எழுத்துதான், அதையும் இவள்தான் எழுதிக் கொடுத்தாள்.

பக்கத்துத் தேங்காய்க் கடை முத்துமாரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே கூட்டம் நெருக்கியடித்தது. மேடையில் இரண்டு மைக். ஒன்றில் வடக்கேயிருந்து வந்த ஒருவர் இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசினார். மற்றதில் சிங்கம்புணரி முருகப்பன் தமிழில் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் மஞ்சுவிரட்டு எங்கே நடந்தாலும் அவர் குரல்தான். மாட்டுக்காரன் பேரைச் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய தொண்டை.

விமானங்களைவிட இந்த இருவரைப் பற்றித்தான் கூட்டத்தில் பேச்சு அதிகம்.

"வடக்கத்தியாரு மூச்சு விடாமப் பேசுறாரு. ஒரு மண்ணும் புரியல."

"புரிஞ்சா மட்டும்? இன்ஜின் சத்தத்தைக் கேக்க விடுறாகளா? அதைக் கேக்கத்தானய்யா வந்தோம்."

"முருகப்பன் அண்ணன் பேசட்டும்யா. தொழுவைத் தொறந்தாச்சு, புடிச்சுப் பாருன்னு ஏரோப்ளேனுக்கே சொல்றாரு பாரு!"

இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல் குறுக்கே பாய்ந்த நேரத்தில் முருகப்பன், "பந்தல் உபயம் காரைக்குடி பிளைவுட் கடை உரிமையாளர் திரு. சுந்தரம் அவர்கள்" என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் ஊளையிட்டது. மலையம்மாள் குதிகாலை உயர்த்தினாள். எட்டிப் பார்த்தாள். முன்வரிசை நாற்காலியில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று கும்பிட்டான்.

"விடு மலை, அவன் இருந்தா நமக்கென்ன? நாம பிள்ளையப் பாக்க வந்திருக்கோம்" என்றாள் முத்துமாரி.

பெரிய விமானம் மேலே வட்டமடித்தது. புள்ளி புள்ளியாக ஆட்கள் உதிர்ந்தார்கள். வண்ணக் குடைகள் விரிந்தன. வடக்கத்தியர் ஒவ்வொரு பேராகச் சொன்னார், முருகப்பன் அதையே திருப்பிச் சொன்னார். சிங், யாதவ், ராவத். நான்காவதாக மஞ்சள் குடை திரும்பி இறங்கியது. மஞ்சள் தன்னுடையது என்று மகள் சொல்லியிருந்தாள். மலையம்மாள் முத்துமாரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சுந்தரம்!" என்றார் வடக்கத்தியர்.

அவர்கள் வழக்கத்தில் பேருக்குப் பின்னால் வருவதுதான் ஆளைக் கூப்பிடும் பேர். குழுவில் சேர்ந்தபோது அந்த ஓர் எழுத்தை முழுசாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முருகப்பனுக்கு அது எங்கே தெரியும்? காதில் விழுந்தது நம் பக்கத்து ஆம்பளைப் பேர். அவர் துள்ளிக் குதித்துவிட்டார்.

"ஆஹா, நம்ம பக்கத்துப் பேருங்கய்யா! மண்ணின் மைந்தர் வாராரு! வானத்துலேருந்து சிங்கம் மாதிரி இறங்குறாரு நம்ம சுந்தரம்! தட்டுங்கய்யா கைய!"

ஊரே கைதட்டியது. விசில் பறந்தது. மகளின் கால் தரையில் பட்ட நேரத்தில் அத்தனை வாயும் சுந்தரம், சுந்தரம் என்றது. மலையம்மாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முத்துமாரி பிடித்து இழுக்க இழுக்க, கயிற்றைக் குனிந்து கடந்து மேடையை நோக்கி நடந்தாள்.

"அண்ணே, தப்பாச் சொல்லிட்டீக" என்றாள், கீழே நின்று அண்ணாந்து. "மஞ்சக் கொடையில எறங்குனது ஆம்பள இல்ல. என் மக. தீபலட்சுமின்னு பேரு. அந்தப் பேரை ஒரு தடவை சொல்லுங்க."

முருகப்பன் மைக்கை மூடிக்கொண்டு குனிந்தார். நல்ல மனிதர்தான். முகம் வாடிப்போயிற்று. "அடடா, பொம்பளப் பிள்ளையா தாயி! சொல்லிருவோம், இப்பவே சொல்லிருவோம். யாரு மகளுன்னு சொல்லணும்? ஊரு கேக்கும்ல."

"என் மகளுன்னு சொல்லுங்க. மலையம்மாள் மக."

"அது சரி தாயி, அப்பா பேரு? சுந்தரம்னாரே, எந்த சுந்தரம்?"

மேடையோரம் நின்ற விழாக்குழு ஆள் ஒருவன் முந்திக்கொண்டான். "அண்ணே, இது நம்ம பிளைவுட் கடைக்காரரோட பழைய வீட்டம்மா. அப்ப அந்தப் பிள்ளை அவரு பிள்ளைதான்!"

முருகப்பனின் முகம் மலர்ந்தது. தப்பைத் திருத்துகிற சந்தோஷம்.

"வேணாண்ணே..." என்று அவள் சொல்வதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! ஒரு திருத்தம்! வானத்துலேருந்து குதிச்சது ஆம்பள இல்ல, வீரப் பெண் தீபலட்சுமி! யாரு மக தெரியுமா? நம்ம பந்தல் உபயதாரர், திரு. சுந்தரம் அவர்களோட அருமை மகள்! இப்படி ஒரு மகளைப் பெத்து, வளர்த்து, நாட்டுக்குக் கொடுத்த தகப்பனை மேடைக்கு அழைக்கிறோம்!"

சுந்தரம் கூச்சப்படவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஏறினான். யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். தீபலட்சுமியையும் அழைத்துவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க அவள் மரக்கட்டையாக நின்றாள். தோளில் அவன் கை விழுந்தது. அவள் தலை மட்டும் கூட்டத்தின் பக்கம் இங்குட்டும் அங்குட்டும் திரும்பிக்கொண்டே இருந்தது.

மலையம்மாள் கையைத் தூக்கினாள். அதற்குள் முன்வரிசைக்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு மேடையை மொய்த்துவிட்டார்கள். இவளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

"இப்பத்தான்யா மைக்குல ஒழுங்காச் சொன்னாக. கேக்கையில எனக்குப் புல்லரிச்சுப் போச்சு" என்றார் ஒரு பெரியவர்.

பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் போனோடு முண்டியடித்து வந்தாள். மேடைக்கு நேரே நிற்கிற மலையம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாருக்கா? பிளைவுட் கடைக்காரரோட சம்சாரமா?"

அவன் போன நாளிலிருந்து யார் இதைக் கேட்டாலும் மலையம்மாளிடம் ஒரே பதில்தான். ரோஷத்தோடு சொல்லிப் பழகிய பதில். இன்றைக்கும் யோசிப்பதற்கு முன்னால் அதுவே வாயில் வந்துவிட்டது.

"இல்ல."

"அப்பக் கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாள் அந்த அம்மாள். "அப்பாவையும் மகளையும் ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

மலையம்மாள் தள்ளி நின்றாள்.