மெதுவான டிஸ்க்கின் சொந்தக்காரர்

போன சனிக்கிழமை காலை சரோஜாக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க மாமா" என்றாள். அழுகை வருவதற்குள் எனக்கு எங்கள் பழைய மேலாளரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. முதல் வேலையாக அவருக்குச் சொல்லியனுப்பினேன்.

தொண்ணூற்றேழில், கொல்லிமலையில் ஒரு சிறு தொண்டு அலுவலகத்தில் சரோஜாக்கா கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தார். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி வருவார். தேவனூர் நாடு என்கிற மலைக் கிராமங்களில் எந்தக் குடும்பம் எந்தக் காட்டை உழுகிறது என்று நான் நடந்து நடந்து எழுதி வருவேன். அவர் அதை ஏற்றுவார். தாள்கள் மழையில் ஊறிப் போயின. பட்டா கேட்பதற்கு மலைக்காரர்களிடம் மிஞ்சியது கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பட்டியல் மட்டுமே.

அலுவலகத்துக்கு வேகமான புது ஹார்ட் டிஸ்க் வந்தபோது, தன் வீட்டுப் பழைய டிஸ்க்கையும் கொண்டுவந்து அதே பெட்டிக்குள் பொருத்தினார். வேலையெல்லாம் புதியதில். வாரக் கடைசியில் ஒரு நகல், ஆமை வேகத்தில், பழையதில்.

மேலாளர் கேலி செய்தார். "குதிரையையும் எருமையையும் ஒரே வண்டியில பூட்டறியேம்மா?"

"ஒரே கேபிள்ல மாட்டுனாத்தானுங்க ஒன்னை ஒன்னு இழுக்கும். ஆளுக்கொரு கேபிள் குடுத்திருக்கேன்."

ஒருநாள் மேலாளர் தானே புது விண்டோஸ் போடுகிறேன் என்று உட்கார்ந்து புது டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டார். நான் கண்ணால் பார்த்தேன். மறுநாள் எல்லார் முன்னிலையிலும் சரோஜாக்காவைக் கை காட்டினார். "எருமையைச் சேர்த்ததாலதான் எல்லாம் போச்சு. இந்தச் சனியனைக் கழட்டிக்கிட்டு ஊடு போய்ச் சேரு!"

சரோஜாக்கா டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்ணால் பார்த்ததை நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

பட்டா விசாரணைக்கு அதிகாரிகள் வரும் நாள் நெருங்க, மேலாளர் வெலவெலத்துப் போனார். "நகல் அந்த எருமைகிட்டத்தானுங்க இருக்கு. நீங்களே அனுப்பிட்டீங்க" என்றேன். சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது.

இருவரும் சரோஜாக்காவின் வீட்டுக்குப் போனோம். அவர் மேலாளரை உட்காரச் சொல்லவில்லை. "தேவனூர் நாட்டுக்காரங்க முன்னாடி, அழிச்சது நான்தான்னு சொல்லுங்க. அப்புறம் வாரேன்."

அலுவலகத்தில் அவர்களைக் கூட்டிவைத்து மேலாளர் சொன்னார், தலை குனிந்துகொண்டு. அதன் பிறகே சரோஜாக்கா திருப்புளியை எடுத்தார். பட்டியல் புது டிஸ்க்கில் ஏற மத்தியானம் ஆனது. நடுவில் மேலாளர் நாற்காலியை இழுத்தார்.

"மெதுவான டிஸ்க்குங்க. நின்னு பாருங்க" என்றார் சரோஜாக்கா.

அவர் நின்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

சரோஜாக்கா மன்னிக்கிற ஆள் இல்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பல வருடம் கழித்து, "மேலாளர் மேல இன்னுமா கோபம்?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. பாருங்க, நான் செத்தா மாலையைத் தூக்கிட்டு மொத ஆளா வருவான். நிக்க வைங்க."

அப்படியேதான் வந்தார், பெரிய ரோஜா மாலையோடு, முதல் ஆளாக. நான் வாசலில் மறித்தேன். "மலையில இருந்து சனங்க வந்துக்கிட்டிருக்காங்க. அவங்க மொதல்ல போடட்டுமுங்க." அவர் நாற்காலியைத் தேடினார். இருந்த ஒன்றையும் நான் எடுத்து உள்ளே வைத்தேன்.

"மெதுவான பஸ்ஸுங்க. நின்னு பாருங்க."

இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை அக்கா. மத்தியானம் பஸ் வந்தது. பட்டா வாங்கியவர்கள் ஒவ்வொருவராக உங்கள் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மேலாளர் கடைசி ஆளாகத்தான் மாலை போட்டார், பூ வாடியிருந்தது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.