சுவரில் இருபத்தாறு, கட்டிலில் பத்தொன்பது

சென்ற ஆண்டு கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது, மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் நிகழ்ந்தது இது. ஓர் ஆண்டு கழிந்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறாத கோபத்தோடு எழுதுவது நாகரிகம் அன்று என்பதை அறிவேன். ஆயினும் ஆறிய பிறகு எழுதினால் உண்மை நீர்த்துப்போகும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

என் மனைவி நுரையீரலில் சளி கட்டிப் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்து, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். மருத்துவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்பினார். அவளுக்கு வியர்க்கவும் கூடாது, குளிரவும் கூடாது. அறை ஒரே சீராக இருக்க வேண்டும். மறுபடி நெஞ்சில் சளி இறங்கினால் இந்த வயதில் தாங்காது. எங்களுடையதோ மாடி வீடு. மேற்குச் சுவர் பிற்பகல் முழுதும் வெயிலை வாங்கும். ஏ.சி. இன்றி இருக்க இயலாது. போட்டால் குளிரும் என்ற அச்சம். புனேயில் கணினி வேலை பார்க்கும் எங்கள் மகள் இதற்கு ஒரு வழி கண்டு, ஒரு கருவியை அனுப்பிவைத்தாள். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் என்று பெயர். உள்ளங்கை அகலத்தில் வெள்ளை டப்பா. அறையின் சூட்டைத் தானே அளந்து, ஏ.சி.யைத் தானே கூட்டிக் குறைத்து, நாம் குறித்த அளவிலேயே அறையை வைத்திருக்குமாம். மகள் புனேயிலிருந்தே அதைக் கைபேசியில் பார்த்துக்கொள்வாளாம்.

அதை மாட்ட ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நோயாளி எங்கே படுப்பார் என்று அவர் கேட்கவில்லை. பிளக் பாயின்ட் எங்கே என்று மட்டும் கேட்டார். பீரோவுக்கும் மேற்குச் சுவருக்கும் இடைப்பட்ட மூலையில் ஒன்று காலியாக இருந்தது. டப்பாவின் ஒயர் குட்டை. ஆகவே அதற்கு ஒரு முழம் மேலேயே துளையிட ஆயத்தமானார்.

என்னைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பக்கத்துத் தொழிற்பேட்டையில், இரும்புப் பாகங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் தொழிற்சாலையில் முப்பத்தோர் ஆண்டுகள் உலையைக் கவனித்தவன். சூட்டை அளக்கும் கம்பி உலையின் கதவோரம் இருந்தால், மீட்டர் கதவோரத்துச் சூட்டைத்தான் காட்டும். உள்ளே கிடக்கும் இரும்பின் சூட்டைக் காட்டாது. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. எனவே சொன்னேன்.

"தம்பி, அந்த மூலையில காத்தே ஓடாது. செவுரு வேற மத்தியானத்துல கொதிக்கும். கட்டில் பக்கமா மாட்டுங்க."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெருசு, இது இன்னா பழைய காலத்து மீட்டரா? சென்சாரு. அதுவே கத்துக்கும். உனுக்குச் சொன்னா புரியாது, உடு."

புரியாது என்ற அந்தச் சொல் என் வாயை அடைத்துவிட்டது. நூலகத்துப் புத்தகங்களையும் பழைய செய்தித்தாள்களையும் படித்தே என் அறிவை வளர்த்துக்கொண்டவன் நான். யாரேனும் அதைக் கிள்ளிப் பார்த்தால் இன்றும் எனக்குள் எட்டாம் வகுப்பு தலைதூக்கும். புதிய காலத்துப் பொருள், ஒருவேளை எனக்குத் தெரியாததும் இருக்கலாம் என்று ஒதுங்கி நின்றேன். அவர் துளையிட்டார், மாட்டினார், ரிமோட்டைத் தொடவே கூடாது என்றார். பிறகு என் கைபேசியை வாங்கித் தமக்குத் தாமே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

முதல் நாள் மாலையே மனைவி சொன்னாள்: "இன்னாய்யா இது, ஐஸ் பொட்டியில வெச்ச மாரி கீது."

நான் மூலையை எட்டிப் பார்த்தேன். டப்பாவில், நாங்கள் குறித்துவைத்த அதே இருபத்தாறு என்ற எண் பளிச்சென்று எரிந்தது. நோய்ப்பட்ட உடம்பு, அப்படித்தான் தோன்றும் என்று அவளுக்கு விளக்கம் சொன்னேன். இரண்டாம் நாள் கம்பளி கேட்டாள். கத்திரி வெயிலில் கம்பளியா என்று கேலி செய்தபடியே பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மகள் வீடியோவில் வந்து, "அம்மா, என் போன்லயும் இருபத்தாறுதான் காட்டுது, பயப்படாதீங்க" என்றாள்.

"அப்பனுக்கும் பொண்ணுக்கும் அந்த டப்பாதான் ஒறவு. நான் யாரு, பக்கத்து ஊட்டுக்காரியா?" என்றாள் மனைவி.

நானும் மகளும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க இயலவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் மாத்திரை கொடுக்க உள்ளே போனேன். கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். பல் கிட்டி, உடம்பு நடுங்கியது. காலைத் தொட்டேன், ஈரத் தரையைத் தொட்டாற்போல் சில்லிட்டிருந்தது. பேச வாயெடுத்தவளை இருமல் விடவில்லை. விரலை மட்டும் நீட்டி மூலையைக் காட்டினாள். அங்கே இருபத்தாறு எரிந்துகொண்டிருந்தது.

பீரோவுக்குள் பத்திரப்படுத்தியிருந்த ரிமோட்டைத் தேடி எடுத்து ஏ.சி.யை நிறுத்தினேன். கம்பளியை இழுத்து மூடுவதற்குள் 'பீப்' என்ற ஒலியுடன் அது தானே மறுபடி ஓடத் தொடங்கியது. மீண்டும் நிறுத்தினேன்; மீண்டும் ஓடியது. என் வீட்டில், என் மனைவி நடுங்கிக்கொண்டிருக்க, எனக்குக் கீழ்ப்படிய மறுக்கும் ஒரு டப்பா! மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். காய்ச்சல் திரும்பியிருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் மறுபடி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்திருக்கும் என்றார் அவர். என்னைப் பார்த்து அவர் சொன்ன விதம் வேறு எதுவும் கேட்க இடம் தரவில்லை.

மறுநாள் அவளை ஹாலில் படுக்கவைத்துவிட்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த தெர்மாமீட்டரை எடுத்தேன். எல்லாவற்றையும் முன்போலவே ஓடவிட்டு, அவள் தலையணைமேல் வைத்தேன்: பத்தொன்பது. பீரோ மூலையில் வைத்தேன்: இருபத்தாறு. டப்பா பொய் சொல்லவே இல்லை. அது தன் மூலையின் சூட்டை ஒழுங்காகச் சொல்லியது. அந்த வெந்த மூலை இருபத்தாறுக்கு இறங்கவேண்டி, கட்டிலை உறையவைத்திருந்தது.

கம்பெனிக்குப் பேசினேன். பெண் ஒருவர் மிகவும் பணிவாக, "சார், உங்க டிவைஸ் ஆன்லைன்ல இருக்கு சார், ரீடிங் நார்மல் சார்" என்றார்.

"டிவைஸ் சுகமாத்தாம்மா இருக்கு. ஆளுதான் காய்ச்சல்ல கெடக்கு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அதே ஆள் வந்தார். நான் எதுவும் விளக்கவில்லை. ஏ.சி.யை முன்போலவே ஓடவிட்டு, கட்டிலைக் காட்டி, தலையணைப் பக்கம் உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தினேன். அறை வாசலில் நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்துகொண்டேன். முதலில் சிரித்தார். பிறகு கைபேசியை நோண்டினார். கால் மணி நேரம் ஆவதற்குள் இரு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு கதவைத் தட்டினார்.

"சில்லுனுதான் சார் கீது" என்றார். பெருசு என்பது சார் ஆகியிருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அன்னிக்கே நீங்க அடிச்சு சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே சார்" என்றும் சொன்னார்.

அதன் பிறகு நான் பேசியவை அச்சிடத் தக்கவை அல்ல. கீழ்வீட்டார் படியேறி வந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் சுவரோடு ஒட்டி நின்றார். அப்போது ஹாலிலிருந்து, இருமலுக்கு இடையே, என் மனைவியின் குரல் வந்தது.

"அவர ஏன்யா திட்ற? அவுரு ஒரு நாளு வந்துட்டுப் போனாரு. நீ நாலு நாளும் என் பக்கத்துலயேதானே கீற?"

கத்துவதை விட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த மனிதர் நீளமான ஒயர் ஒன்று போட்டு டப்பாவைக் கட்டிலின் தலைமாட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் தேறி எழ மூன்று வாரங்கள் ஆயின. டப்பா இப்போது ஒழுங்காகவே வேலை செய்கிறது. ரிமோட் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மகளும் தன் போனைப் பார்ப்பதற்கு முன், "குளிருதாம்மா?" என்று கேட்கப் பழகிவிட்டாள். அந்த ஆள்மீதும் கம்பெனிமீதும் எனக்குள்ள கோபம் நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் மீட்டரை மட்டும் நம்பாதே, இரும்பைப் பார் என்று எத்தனையோ பேரை உலையடியில் அதட்டியவன், நாற்பத்திரண்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவள் குளிருகிறது என்றபோது அவள் காலைத் தொட்டுப் பாராமல் சுவரைப் பார்த்தேனே என்று எண்ணும்போதெல்லாம், அந்தக் கோபம் போக வேறு இடமின்றி என்னிடமே வந்து நிற்கிறது.