நடக்காது, ஓடும்

இன்று காலை தெருமுனை தெப்பானருக்கு, இங்கத்தைய பெட்டிக்கடைக்கு, பால் வாங்கப் போனேன். அட்டை போடுகிற இயந்திரம் முரண்டு பிடித்தது. கல்லாவில் நின்ற பெடியன் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்து, "சா மார்ஷ்?" என்றான். சரியா, வேலை செய்கிறதா என்று அர்த்தம். மொன்றியலில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிற சொல். எனக்கு மட்டும் அதைக் கேட்டால் அங்கே நிற்க ஏலாது. பாலை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். மனைவி பார்த்த பார்வையை நான் சொல்லத் தேவையில்லை.

'மார்ஷ்' என்றால் நடக்கிறது. வந்த புதிதில் இலவச வகுப்பில் அப்படித்தான் படிப்பித்தார்கள். ரீச்சர் மேசையைச் சுற்றி நடந்து காட்டி 'மார்ஷ்' என்றாள், ஓடிக் காட்டி 'கூர்' என்றாள். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரே அறையில் நாலு பேர் இருந்தோம். வகுப்புக்குப் போனவன் நான் ஒருவன்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை அல்லவா? வீட்டுக்காரனின் கடிதமோ மின்சாரக் கம்பனிக் கடிதமோ, எல்லாம் என்னிடம்தான் வரும். அரைவாசி விளங்காது. விளங்காததை நானே இட்டுக்கட்டி வாசிப்பேன்.

எங்களில் மூத்தவர் தவம் அண்ணை. ஊரில் மோட்டார் மெக்கானிக், இங்கே ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிறவர். நாங்கள் பெண் பார்க்கத் தொடங்கிய காலத்தில் அவர் ஒரு பழைய அமெரிக்கக் காரைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், நீட்டு மூக்கு. மசில் கார் என்பார்கள். நான் பார்த்தபோது மசிலும் இல்லை, ஒரு கதவும் இல்லை. பக்கத்துத் தீவான இல்-பிசாரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் கொட்டகையில் அதைப் போட்டு, நாலு குளிர்காலம் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போய்த் திருத்தினார். திரும்பி வந்தால் அறை முழுக்கப் பெற்றோல் மணக்கும். அந்த மணத்தோடுதான் எங்கள் சோறு இறங்கும்.

"அண்ணை, மனுசி இண்டைக்கு என்ன சொன்னவ?" என்று காரைப் பற்றிக் கேட்போம்.

"ரெண்டுதரம் இருமினவள், பேந்து கதைக்கேல்லை" என்பார்.

விழுந்து விழுந்து சிரிப்போம். ஒருமுறை அவரைப் பற்றி விசாரிக்க வந்த பெண் வீட்டாரிடம், "அவருக்கு ஏற்கெனவே ஒண்டு இருக்கு" என்று பகிடி விட்டேன். அவர்கள் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. அதன்பின் யாரும் விசாரிக்க வரவும் இல்லை. அதற்கும் நான் சிரித்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது கோடையில் கார் ஓடியது. எங்களை ஏற்றிக்கொண்டு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை போனார். ஆற்றங்கரையில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. தவம் அண்ணையை யாரும் திரும்பிப் பார்த்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு நாங்கள் மற்ற மூவரும் கலியாணம் கட்டித் தனித்தனி வீடுகளுக்குப் போனோம். அவருக்குக் காரும் சலரோகமும் மிஞ்சின. அந்தச் சர்க்கரை வியாதி வலது காலை முழங்காலோடு எடுத்தது. ஆக்சிலேட்டர் மிதிக்கிற கால். பழைய கார்களைத் தானமாக வாங்கி ஏலம் விட்டு நோயாளிப் பிள்ளைகளுக்கு உதவுகிற ஒரு சங்கத்துக்கு அதைக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். நல்ல விலை போகுமே என்றேன்.

"பெத்த பெட்டையை விக்கிறதே? தாரைவார்த்துத்தான் குடுக்கவேணும். எடுக்கிறவன் அதை ஓடவேணும். எனக்கு அது காணும்."

சங்கத்துக்குப் போன் எடுத்தது நான். அவர் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். மறுமுனையில் பேசிய பெண் வருடம், நிறம் எல்லாம் கேட்டுவிட்டு, "எல் மார்ஷ்?" என்றாள். நடக்கிறதாமா! எங்கள் ஊரில் கார் எங்கே நடந்தது? "நோ, மதாம். எல் கூர்!" என்றேன். நடக்காது, ஓடும். அவள் ஏதோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் தவம் அண்ணைக்கு மொழிபெயர்த்தேன். கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

கொண்டுபோக வந்தவன் சாவியைக் கேட்கவில்லை. சங்கிலியைக் கொழுவி இழுத்தான். முன்னால் பளபளத்த இரும்பு நெளிந்தது.

"சாவியை மறந்திட்டான், விசரன். வாங்கிறவனுக்கு அனுப்பிவிடு" என்று அதை என் கையில் வைத்தார்.

ஒரு மாதத்தில் நன்றிக் கடிதம் வந்தது. என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பிரெஞ்சுக் கடிதம் முழுதாக விளங்கியது. ஓடாத வண்டி, பழைய இரும்புக்குப் போனது. அன்று போனில் அவள் எழுதிக்கொண்டது என் 'நோ'வைத்தான்.

"என்னவாம்?" என்றார்.

"சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில படிப்பிக்கிற ஒரு வாத்தியார் எடுத்திருக்கிறாராம். ஞாயிறு ஞாயிறு ஓடுறாராம்."

கடிதத்துக்குச் சட்டம் போட்டு, அப்போது குடிபோயிருந்த முதியோர் இல்லத்து அறையில் கட்டிலுக்கு நேரே மாட்டினார். இரண்டு வருடமாக நான் போகும்போதெல்லாம், "வாத்தியார் இப்பவும் ஓடுறாரோ?" என்பார். "ஓம் அண்ணை" என்பேன். போன கிழமை கண்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அங்கே வேலைக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தாள். இங்கே பிறந்தவள், பள்ளிக்கூடமெல்லாம் பிரெஞ்சில். அவர் பெருமையாகக் காட்ட, அவளும் வாசித்துச் சொல்லிவிட்டாள். அடுத்த முறை நான் போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அவர் வாத்தியாரைப் பற்றிக் கேட்கவில்லை. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசியில் மற்றக் காலும் கறுத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் முன்பு நிலம் துடைத்த அதே ஆஸ்பத்திரி. இளம் டொக்டர் ஒருத்தி கோப்பைப் புரட்டியபடி என்னிடம், "இல் மார்ஷ்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க முன்னம் தவம் அண்ணை என் கையைப் பிடித்தார்.

"இந்தமுறை யோசியாமல் சொல்லு. நடக்காது எண்டு."

சொன்னேன். அவளும் எழுதிக்கொண்டாள்.

அவர் போய் மூன்று வருடம். இல்-பிசார் கொட்டகை நின்ற இடத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு வீடு நிற்கிறது. அந்தப் பெற்றோல் மணத்தை எந்தக் காரிலும் நான் பிறகு மணக்கவில்லை. சாவி என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. என் பிரெஞ்சும் இப்போது நன்றாகத் தேறிவிட்டது. நான் வாசித்துச் சொன்னால் நம்புகிற மனிதர்தான் இல்லை.